ஒலிக்கோப்பு 41

பரமேஸ்வராச் சந்திக்குக் கிட்ட, யன்னல் இல்லாத அறை.
முட்டை மட்டைகளைச் சுவரெங்கும் ஒட்டியிருக்கிறோம்.
ஃபானை நிறுத்தினால்தான் பதிவு.
ஆகவே வியர்க்கிறது எனக்கும்,
குருநகரில் வள்ள எஞ்சின் திருத்தும் சூசைமுத்துவுக்கும்.

ஒரு சொல், பத்துத் தரம்.
அட்டையில் நான் காட்டுவது: எங்கே.
"எழுதியிருக்கிறபடி சொல்லவோ, சொல்லுறபடி சொல்லவோ?"
சொல்லுறபடி.
"அப்ப, எங்கை."

திரையில் இரண்டு கறுப்புப் பட்டைகள்.
ஏகாரம் என்றால் அவை தண்டவாளம்,
தொடங்கிய அகலத்திலேயே முடியும்.
இவருடையவை விலகுகின்றன.
மேலே உள்ளது இன்னும் மேலே, கீழே உள்ளது இன்னும் கீழே;
அகரத்தில் வெளிக்கிட்டு
இகரத்தைத் தொடுமுன் மூச்சை விட்டுவிடுகின்றன.
நூற்றுப் பத்து மில்லிசெக்கன்.
இலக்கணக்காரர்கள் சொல்லின் கடைசி ஐக்கு
ஒரு மாத்திரைதான் அளந்து கொடுத்தார்கள்.
அந்த ஒன்றுக்குள் இரண்டு இடம்,
சைக்கிள் பாரில் ஆளை ஏற்றினதுபோல.

கதிரை ஆடுகிறது என்கிறார்.
கதிரை.
போர்த்துக்கேயர் இறக்கிவிட்டுப் போனது.
அவர்கள் வாயில் இரட்டை உயிர் அதன் வயிற்றில் இருந்தது,
முடிவில் வெறும் அகரம்.
நாங்கள் வயிற்றை நசித்து இகரமாக்கி
வாலில் ஒரு ஐயைக் கட்டிவிட்டோம்.
மேசைக்கும் அதே வால்.
சூசைக்கும்தான். அதை அவரிடம் சொல்லவில்லை,
தன் பெயரைப் பத்துத் தரம் சொல்லி முடிக்கட்டும்.

கக்கூசு வேறு கதை.
ஒல்லாந்து நாட்டில் அதன் உயிர் இரண்டாய்ப் பிளந்துபோயிற்று.
எங்கள் வளவு மூலையில்
ஊகாரம் ஊகாரமாகவே குந்தியிருக்கிறது.

இனி இரண்டு நிமிசம், எதையாவது கதையுங்கோ.

தங்கைச்சியின் மகனைக் கதைத்தார்.
பேர்கனில் பிறந்த பெடியன், ஆறு வயது, போன ஆடியில் வந்தவன்.
சோற்றுக்கு நெய் விட்டாராம்.
பெடியன் "நெய், நெய்" என்றானாம்.
இன்னும் ஒரு கரண்டி.
"நெய்!"
இன்னும் இரண்டு.
போத்தல் பாதியானதும் பெடியன் அழ,
தங்கைச்சி கிணற்றடியிலிருந்து ஈரத்தோடு ஓடிவந்து
"ஐயோ அண்ணை, அது நோர்வேயிலை வேண்டாம்" என்றாளாம்.
"வேண்டாமெண்டுறதுக்கு நெய் எண்டால், பிள்ளை,
நெய்யை அவங்கள் என்னெண்டு கேப்பாங்கள்?"
எனக்குத் தெரியாது.
சிரித்த சிரிப்பில் அளவுகோல் சிவப்புக்குப் போய்
முப்பது செக்கன் பாழ்.

என்னுடையதையும் முதல் வருடம் அளந்திருக்கிறேன், மாதிரிக்கு.
சொல்லின் கடைசியில் அசைவே இல்லை.
மூன்று வயதிலிருந்து பத்துவரை கொட்டாஞ்சேனை.
பஸ்ஸில் ஏறுமுன் அம்மா சொல்லித் தருவாள்:
எங்கை இல்லை. எங்க.
சின்னதாய், தட்டையாய், அந்த இடத்திலேயே நிறுத்து.
வீட்டுக்குள்ளும் சொல்லிப் பார்ப்போம், கதவைச் சாத்திவிட்டு.
அம்மாவுக்கு வராது. அவள் டிக்கெட்டுக்குக் காசை மட்டும் நீட்டுவாள்,
நான் ஊர் சொல்லுவேன்.

ஐந்நூறு ரூபாய், ஒரு கையெழுத்து.
ஆரோ எஞ்சினோடு காத்துக்கொண்டு நிற்கிறானாம், கெதியாய் இறங்கிவிட்டார்.
பார்த்தால் மேசையில் ஹெல்மெட்.

திரும்பி வந்து ஃபானைப் போட்ட பிறகுதான் கண்டேன்,
பதிவு ஓடிக்கொண்டிருந்தது.
கடைசி நான்கு செக்கன்:
கதிரை கிரீச்சிடுகிறது, கதவு,
மைக்குக்கு முதுகு காட்டி ஒரு பெண் கத்துகிறாள்,
"அண்ணை, எங்கை போறியள், ஹெல்மெட்!"
பட்டைகள் மங்கல், புகைபோல.
பெரிதாக்கினேன். விரலை வைத்துப் பார்த்தேன்.
விலகுகின்றன.

வெட்டி எறிய வேண்டிய துண்டு அது.
எறியவில்லை.
அட்டவணையில் பேசுநர் தொகை என்ற கட்டத்தில்
1 என்று இருந்ததை
2 ஆக்கினேன்.